பிடித்த படத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி: ஓர் ஒளிப்பட மாணவரின் செய்முறைக் குறிப்பு

ஒளிப்படக் கலை பயில்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தப் பயிற்சி வந்து சேரும்: நீங்கள் எடுத்தவற்றுள் உங்களுக்கு மிகவும் பிடித்த சில படங்களைத் தேர்ந்து, அவற்றின் காட்சியமைப்பைப் பற்றி எழுதுங்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதன்முறை நான் அதை ஒரே இரவில் முடித்துவிட்டேன். ஒரு படத்தின் கீழே மூன்றிலொரு பங்கு விதி (சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் குறுக்குப்புள்ளிகளில் முக்கியமானதை வைப்பது), இன்னொன்றின் கீழே வழிகாட்டும் கோடுகள் (கண்ணை மையப்பொருளுக்கு இட்டுச்செல்பவை), வேறொன்றின் கீழே சமச்சீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியின் பெயரை ஒட்டிவைத்தேன். திருத்தித் தந்த ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: "இதே விதி இருந்தும் உனக்குப் பிடிக்காத படங்கள் எத்தனை வைத்திருக்கிறாய்?" நூற்றுக்கணக்கில் வைத்திருந்தேன். அப்படியானால் நான் எழுதியிருந்த காரணங்களில் ஒன்றுகூடக் காரணம் இல்லை.

அதன்பின் இரண்டு ஆண்டுகளில் நான்கைந்து முறை இதைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி மாற்றிச் செய்ததில், இப்போது கைக்குப் பழகிவிட்ட ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விதிகளின் பெயர்கள் இதில் கடைசியில்தான் வரும்.

முதலில் தேர்வு. ஆறு படங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படத்தோடும் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். எடுத்துச் சில வாரங்களேனும் ஆன படங்களாக இருப்பது நல்லது, ஏனென்றால் நேற்று எடுத்த படத்தில் நாம் பட்ட பாடுதான் முதலில் தெரியும். மற்றவர்கள் பாராட்டிய படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், உங்களைத் தவிர யாருமே திரும்பிப் பார்க்காத படம் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதிகம் கற்றுத்தந்தது அப்படிப்பட்ட படம்தான்.

என் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது, ஒரு நீண்ட பயணத்தின் விடியற்காலையில் ரயில் ஜன்னலோரமாக உறங்கிக்கொண்டிருந்த என் தம்பியின் படம். எப்போது பார்த்தாலும் நெஞ்சை என்னவோ செய்யும். அதை வகுப்புத் தோழி ஒருத்தியிடம் காட்டியபோது, அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதில் நான் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் இருந்த இடத்திலிருந்து பார்க்க முயன்றபோது விஷயம் விளங்கிவிட்டது. சட்டகத்தில் மிகவும் வெளிச்சமாக இருந்தது ஜன்னலுக்கு வெளியே வெளிறிப்போன வானம். அதற்கடுத்து, இருக்கையில் கிடந்த பளபளப்பான தண்ணீர் பாட்டில். தம்பியின் முகம் நிழலுக்குள் கிடந்தது. போதாக்குறைக்கு, ஜன்னல் கம்பி ஒன்று அவன் உச்சந்தலையிலிருந்து முளைத்தது போல நேராக மேலே போனது. அன்றைய குளிரும், இரவெல்லாம் அழுதுவிட்டு அவன் அப்போதுதான் உறங்கினான் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிவதற்குப் படத்தில் வழியே இல்லை.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் சட்டகத்துக்குள் கண்ணால் காணக்கூடியதை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம், அங்கே இருந்ததால் உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். வலப்பக்கம் நிரம்பி வழிந்து இடப்பக்கம் இரண்டு வரியோடு நின்றுவிட்டால், அது உங்களுக்குப் பிரியமான நினைவு. காட்சியமைப்பைப் பற்றி எழுத ஏற்ற படம் அல்ல. அதை அழித்துவிட வேண்டியதில்லை. என் தம்பியின் படம் இன்னும் என் மேசைக்கு மேலே தொங்குகிறது. பட்டியலிலிருந்து மட்டும்தான் எடுத்தேன்.

அடுத்தது, படத்தைக் கலைச்சொல் கலவாமல் விவரிப்பது. தொலைபேசியில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவர் அதை அப்படியே வரைந்துவிட வேண்டும் என்பது போல விவரிக்க வேண்டும். நான் வேலை செய்த படம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். மொட்டைமாடியில் கொடியில் காயும் வெள்ளைப் படுக்கைவிரிப்பு சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்கிறது. மாலைச் சூரியன் விரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஓடி விளையாடும் ஒரு சிறுமியின் நிழல் துணியின் மீது விழுகிறது. ஒரு கை உடலிலிருந்து விலகி மேலே உயர்ந்திருக்கிறது, விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. விரிப்பின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில், நிழலாக அல்லாமல் நிஜமாகவே, அவளுடைய இரண்டு பாதங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சிவப்பு வாளியின் கைப்பிடி, பாதி உள்ளே, பாதி வெளியே.

கடைசி வாக்கியத்தை எழுதும்வரை அந்தக் கைப்பிடி அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை பார்த்த படம் அது. விவரிக்கும்போது கண் ஒவ்வோர் இடத்திலும் நின்று நகர வேண்டியிருப்பதால், பிடித்த இடத்துக்கே தாவிப்போகும் பழக்கம் அறுந்துவிடுகிறது.

இதே நோக்கத்துக்குக் கண்ணை ஏமாற்றும் சில எளிய வழிகளும் உண்டு. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகம் முகமாகவும் வீடு வீடாகவும் தெரிவது குறைந்து, எடைகளும் வடிவங்களும் மட்டும் மிஞ்சும். பெரிய தாள் ஃபிலிம் கேமராக்களில் வேலை செய்தவர்களுக்கு இது தந்திரமே அல்ல, அன்றாடம். பின்புறத்து மங்கல் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும்தான் விழும், அதைப் பார்த்தே அவர்கள் சட்டகத்தை அமைத்தார்கள். இன்னொன்று, படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. அந்த அளவிலும் என்ன தெரிகிறதோ அதுதான் படத்தின் எலும்பு. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், படம் நிறத்தால் நிற்கிறதா வெளிச்சத்தால் நிற்கிறதா என்பது தெரிந்துபோகும். இவற்றைச் செய்ய ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

இனி வருவதுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி. பிடித்த படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளின் படங்கள் அனைத்தும் ஒரே தாளில் சிறிது சிறிதாக அச்சிடப்பட்டுக் கண்ணெதிரே கிடக்கும். அந்தக் கான்டாக்ட் ஷீட்டைப் பார்த்துத்தான் தேர்வு நடந்தது. இப்போது நாம் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுகிறோம். காட்சியமைப்புப் பற்றி நமக்கு இருக்கும் ஒரே நேரடிச் சான்று அந்த அழித்த படங்கள்தான். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஆள், ஆனால் அது பிடிக்கவில்லை, இது பிடித்தது என்றால், காரணம் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தானே இருக்க முடியும்?

விரிப்புப் படத்தில் எனக்குப் பதினோரு சட்டகங்கள் கிடைத்தன. படத்துக்குள் பதிவாகியிருந்த எக்ஸிஃப் தகவலின்படி, பதினொன்றும் நாற்பது நொடிகளுக்குள் எடுத்தவை. முதல் மூன்றும் நின்றபடி எடுத்தவை. கொடிக் கயிறு சட்டகத்தின் நடுவே குறுக்காக ஓடிப் படத்தை இரண்டாக அறுக்கிறது. அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவரும் எட்டிப் பார்க்கின்றன. 4இல் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கயிறு மேல் ஓரத்துக்குப் போய்விட்டது, தொட்டி துணிக்குப் பின்னால் மறைந்துவிட்டது, கீழே இடைவெளி திறந்து பாதங்கள் தெரிந்தன. அன்று நான் செய்த ஒரே பெரிய காரியம் உட்கார்ந்ததுதான் என்பதை இந்த வரிசையைப் பார்க்காமல் என்னால் சொல்லியிருக்க முடியாது.

6இல் கை உடலோடு ஒட்டியிருக்கிறது. நிழல் வெறும் மூட்டை போலத் தெரிகிறது. 7தான் எனக்குப் பிடித்த படம். 8இல் அவள் துள்ளிவிட்டாள். நிழலின் வடிவம் 7ஐவிட அழகாகவே இருக்கிறது. ஆனால் பாதங்கள் துணிக்குப் பின்னால் மறைந்துபோனதால், அது யாருடையதோ ஒரு நிழலாகிவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், இதன் மையப்பொருள் நிழல் என்று அதுவரை நம்பியிருந்தது தவறு என்று புரிந்தது. துணியில் பெரிதாக அசையும் நிழலுக்குக் கீழே, அதற்குச் சாட்சி சொல்வது போல நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு பாதங்கள்தான் படத்தைத் தாங்குகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள உறவே படம்.

வரிசை இன்னொரு பொய்யையும் காட்டிக்கொடுத்தது. 4, 5 ஆகியவற்றில் நிழலின் விளிம்பு மங்கலாகவும் 7இல் கூர்மையாகவும் இருக்கிறது. நான் குவியத்தை (ஃபோகஸை) சரிசெய்ததால் அது கூர்மையாயிற்று என்று என் முதல் குறிப்பில் பெருமையாக எழுதியிருந்தேன். துணியின் நெசவைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாச் சட்டகங்களிலும் அது ஒரே கூர்மையோடு இருக்கிறது. உண்மையில் நடந்தது வேறு. சூரியன் வானத்தில் ஒரு புள்ளி அல்ல. சுமார் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழல் தரும் பொருள் திரையிலிருந்து விலக விலக நிழலின் விளிம்பு கரைந்துகொண்டே போகும். ஒரு மீட்டர் விலகினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரையும். சிறுமி துணியை நெருங்கி வந்தாள், நிழல் கூர்மையாயிற்று. கூர்மை அவள் தந்தது. இதை எழுதியதால் என் மதிப்பெண் குறையவில்லை. அடுத்த முறை நிழலைப் படமெடுக்கும்போது ஆளைத் திரைக்கு அருகே நிற்கச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

பெயர்பெற்ற படங்களிலும் இந்த வரிசையைப் பார்க்க முடியும். 1936இல் கலிஃபோர்னியாவில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டொரோதியா லாங் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படத்தை அறியாத ஒளிப்பட மாணவர் இருக்க மாட்டார். அதே இடத்தில் அவர் எடுத்த மற்றப் படங்களும் கிடைக்கின்றன. தள்ளி நின்று எடுத்தவற்றில் கூடாரமும் மண்ணும் சாமான்களும் தெரிகின்றன. அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது பற்றிய செய்தி அவற்றில்தான் அதிகம். நெருங்கி எடுத்த அந்த ஒன்றிலோ, இருபுறமும் சாய்ந்திருக்கும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதால், பார்ப்பவரின் கண் போவதற்குத் தாயின் முகத்தைத் தவிர வேறு முகமே இல்லை. மடியிலிருக்கும் கைக்குழந்தையும் உறங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவற்றைப் பட்டியலிடுவதைவிட, மற்றவற்றில் இருந்து இதில் இல்லாமல் போனவற்றைப் பட்டியலிட்டால் காட்சியமைப்பு சட்டென்று விளங்கும்.

எல்லாப் படத்துக்கும் இப்படி அக்கம்பக்கம் இருக்காது. அமெரிக்க இயற்கைக்காட்சி ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்தபோது, கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுந்த கடைசி வெயில் இரண்டாவது படம் எடுப்பதற்குள் மறைந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஒரே நெகட்டிவை அவர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். தொடக்கத்தில் வெளிர்ந்தும் மேகத்தோடும் இருந்த மேல்வானம், பிற்கால அச்சுகளில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. உங்களிடமும் ஒரே சட்டகம்தான் இருக்கிறதென்றால், அதன் வெளிச்சத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றி அந்த மாற்றங்களையே அக்கம்பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஓரங்கள். நடுவில் இருப்பதை எல்லோரும் பார்த்துத்தான் எடுக்கிறோம். ஓரத்தில் இருப்பது தானாக வந்து சேர்வது. விரலை மேல் இடது மூலையில் வைத்து, நான்கு பக்கமும் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். விரல் எதன் மேலாவது இடறினால் அது அங்கே இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, மூலையில் தனியாக ஒளிரும் வெள்ளைப் புள்ளி, ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் தலை ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். லாங்கின் படத்திலேயே வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது பின்னாளில் நெகட்டிவிலேயே மங்கலாக்கப்பட்டது. ஆவணப் படத்தில் அப்படிக் கைவைப்பது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த விரல் இருந்தாலே பிடித்திருக்கும். ஆனால் அது உறுத்தும் என்பதையும் மறுக்க முடியாது.

பிறகு நீங்கள் நின்ற இடம். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தொலைவில், எந்தக் கோணத்தில் என்ற மூன்றையும் ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள். லென்ஸின் குவியத் தூரமும் (ஃபோகல் லெங்த்), வெளிச்சம் நுழையும் துளையின் அளவும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். நின்ற இடம் அதில் இருக்காது. மாணவர்கள் பலர் "அகல லென்ஸ் (பரந்த காட்சியை அடக்கும் லென்ஸ்) போட்டதால் முன்னால் இருப்பது பெரிதாகத் தெரிகிறது" என்று எழுதுகிறார்கள். பொருள்களின் ஒப்பீட்டு அளவைத் தீர்மானிப்பது கேமராவுக்கும் அவற்றுக்கும் உள்ள தொலைவு மட்டுமே. ஒரே இடத்தில் நின்று அகல லென்ஸால் எடுத்து, அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால், தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கு லென்ஸால் அங்கிருந்தே எடுத்ததன் அதே தோற்றம் கிடைக்கும். அகல லென்ஸ் நம்மை நெருங்கிப் போக வைக்கிறது, நெருங்கியதுதான் காரணம். செல்பேசியில் எடுப்பவர்கள் விரலால் பெரிதாக்குவதற்கும் காலால் நடந்துபோவதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

விதிகளின் பெயர்களை இப்போது வெளியே எடுக்கலாம். அதற்குமுன் அவற்றின் வயதைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றிலொரு பங்கு விதி என்ற பெயரை, ஆங்கிலேயச் செதுக்கோவியரான ஜான் தாமஸ் ஸ்மித் 1797இலேயே, இயற்கைக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது பயன்படுத்திவிட்டார். கேமராவில் எடுத்து இன்றுவரை எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது 1820களைச் சேர்ந்தது. ஆக, ஒளிப்படத்துக்கு முன்பே பிறந்த விதி அது. திரையில் நாம் போட்டுக்கொள்ளும் கட்டக் கோடுகள் அதன் பேரப்பிள்ளைகள். என் விரிப்புப் படத்தில் நிழல் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, எந்தக் குறுக்குப்புள்ளியிலும் இல்லை. உயர்ந்த கை இடப்பக்கம் இழுக்க, பாதங்கள் சற்று வலப்பக்கம் தள்ளி நிற்க, அந்த இழுபறியில் நடு என்பதே தோன்றாமல் போகிறது. விதியைச் சொல்ல வேண்டுமானால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: எங்கே பொருந்தவில்லை, பொருந்தாமலும் எது அதன் வேலையைச் செய்தது என்று.

"இந்தக் கோட்டின் வழியே கண் பயணிக்கிறது" என்று எழுதும்போது இன்னும் கவனம் தேவை. சோவியத் உளவியலாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் பார்வையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து 1960களில் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஓவியத்தைப் பார்த்தவரிடம் வெவ்வேறு கேள்வி கேட்டபோது கண் சென்ற பாதை வெவ்வேறாக இருந்தது. கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரயில் போல ஓடுவதில்லை. தாவித்தாவிச் செல்கிறது, முகங்களில் திரும்பத் திரும்ப வந்து அமர்கிறது. ஆகவே உங்கள் கண் எங்கே போகிறது என்று எழுதுங்கள். மற்றவர் கண் எங்கே போகிறது என்பதை அவரிடமே கேளுங்கள். படத்தை மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, "என்ன பார்த்தாய்?" என்று நான்கு பேரிடம் கேட்டாலே போதும். என் படத்தைப் பார்த்த நால்வரில் மூவர் முதலில் கையைச் சொன்னார்கள். ஒருவர் வாளியைச் சொன்னார்.

எழுத உட்காரும்போது ஒவ்வொரு கூற்றிலும் ஒரு செயலும் அதன் விளைவும் இருக்கட்டும். "சமநிலை நன்றாக உள்ளது" என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயன் இல்லை. "நான் தரையில் உட்கார்ந்ததால் கயிறு மேலே போய், தண்ணீர்த் தொட்டி மறைந்து, பாதங்கள் தெரிந்தன" என்று எழுதினால், படிப்பவர் நாளைக்கே அதைச் செய்து பார்க்கலாம். திட்டமிட்டது எது, தற்செயலாக வந்தது எது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். எடுத்தபின் பார்த்துச் சொல்லும் காரணங்கள் எடுக்கும்போதே நம் மனத்தில் இருந்தவை போலத் தோன்றிவிடும். நான் குவியத்தைப் பற்றிப் புளுகியதும் அப்படித்தான், புளுகுகிறேன் என்று தெரியாமலே.

கடைசி வேலை வெட்டிப் பார்ப்பது. ஆங்கில L எழுத்தின் வடிவில் நறுக்கிய இரண்டு அட்டைகளை அச்சிட்ட படத்தின் மேல் வைத்து நகர்த்தினால், திரையில் செய்வதைவிட நிதானமாகப் பார்க்கலாம். வெட்டுவதையே தோல்வி என்று கருதும் மரபு ஒன்று உண்டு. அதன் முதன்மைச் சான்றாகப் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்டியே-பிரெசோனைச் சொல்வார்கள். ஆனால் 1932இல் பாரிஸின் சான்-லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டும் மனிதனை எடுத்த அவருடைய புகழ்பெற்ற படமே வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்ததால் இடப்பக்கத்தைப் பலகை மறைத்திருந்தது. வேண்டாததை வெட்டலாம், வெட்டினால் கூடவே எது போகிறது என்பதையும் எழுத வேண்டும்.

என் வாளிக் கைப்பிடியை எடுக்க, 3:2 அளவிலிருந்த சட்டகத்தை 4:3 ஆக்கினால் போதும். அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும், கைப்பிடியும் போய்விடும். ஆனால் அதோடு விரிப்பின் வலது தையல் விளிம்பும் போகிறது. அந்த விளிம்பு இல்லையென்றால் துணி, துணியாகத் தெரிவதில்லை; வெள்ளையடித்த சுவர் போல நிற்கிறது. இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எது எதனால் பிடிக்கிறது, எது எதனால் உறுத்துகிறது என்று கீழே எழுதி, முடிவு எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறேன். வாளியை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.